அரை அரையாக ஏறிய தண்ணீர்

எதிர்வீட்டு மீட்டர்காரர் பழைய ஸ்பா ஒன்று வாங்கப்போகிறார் என்பதை எனக்கு முதலில் சொன்னது அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடை. காற்றில் சாய்ந்து கிடந்தது. நான் சாய்க்கவில்லை, நிமிர்த்தத்தான் போனேன். நிமிர்த்தும்போது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்? விளம்பரத் தாள்கள் ஐந்தாறு, எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாக் கோடுகள். வசதியுள்ளவர்கள் தோட்டத்தில் பெரிய தொட்டி ஒன்றை வைத்து, அதில் சுடுதண்ணீரை ஓடவிட்டுக் கழுத்தளவு உட்கார்ந்திருப்பார்களே, அந்தச் சாமான். ஒரு தாளின் ஓரத்தில் மீட்டர்காரர் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "ஓடும்போது பார்க்க வேண்டும். காலித் தொட்டியை நம்பக் கூடாது."

ஆறு பேர் உட்காரும் தொட்டி. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அன்று சாயங்காலத்துக்குள் சேதி தெருமுனை வரை போய்விட்டது. யார் மூலமாகப் போனது என்று கேட்காதீர்கள். இந்தத் தெருவில் என் பெயர் கேமரா.

மீட்டர்காரர் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தவர். முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எண்களை விடவில்லை. கேஸ் அடுப்பு எத்தனை நாள் எரிந்தது, குளிர்பெட்டிக்குள் எத்தனை டிகிரி, எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. எங்கள் வீட்டுக் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபது வருஷமாக நானும் திருத்தவில்லை.

அவர் மனைவி நர்ஸம்மா. எங்கள் தெருவில் அவர் ஊசி குத்தாத இடுப்பு கிடையாது. "ஆச்சு, எழுந்திரு" என்று அவர் சொன்ன பிறகுதான் குத்தியதே தெரியும். அப்படிப்பட்ட கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விரல்களில் ஆரம்பித்தது, மூட்டுகளைத் தின்கிற நோய். காலையில் கையை விரிக்க ஒரு மணி நேரம். போன வருஷம் வலது தோளும் பூட்டிக்கொண்டது. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் போய், அந்த வேலை மீட்டர்காரர் தலையில் விழுந்தது. அவர் போடும் கொண்டை ஒருநாள் இடது காதுக்கு மேல் இருக்கும், ஒருநாள் பிடரியில் தொங்கும், குருவி பாதி கட்டிவிட்டு வேறு மரத்துக்குப் போய்விட்ட கூடு மாதிரி. முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். நர்ஸம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். தினமும் அரை மணி நேரம் கழுத்தளவு சுடுதண்ணீரில் உட்கார்ந்து, உள்ளேயே கையை மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். குளிர்காலம் வர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இந்தக் குளிருக்குள் தோளை அசைத்துவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் அது அப்படியே இறுகி நின்றுவிடும். நர்ஸம்மா இதை என்னிடம் சொன்னபோது வார்டில் யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். வாளித் தண்ணீர் போதாதா என்று நான் கேட்டேன். "விரல் வாளிக்குள்ள போகும். தோள் போகுமா?" என்றார். அவர்கள் குளியலறையில் நின்றுகொண்டு குளிக்கத்தான் இடம்.

புதுத் தொட்டி வாங்க அவர்களால் முடியாது. அதனால்தான் பழையது, அதனால்தான் அந்தச் சிவப்புக் கோடுகள்.

கடைசியில் ஒரு விளம்பரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு வீடு. "கணவன் மனைவி பிரிவதால் அவசர விற்பனை" என்று அவர் வாசலில் நின்று மனைவிக்கு வாசித்துக் காட்டியது என் ஜன்னல் வரை கேட்டது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போய், அக்காவுக்குத் துணையாக நானும் வருகிறேன் என்றேன்.

"எனக்குத் துணையா, உன் காதுக்குத் தீனியா?" என்றார் நர்ஸம்மா.

ஆனாலும் காரில் பின் இருக்கையில் எனக்கு இடம் கிடைத்தது.

அந்த வீட்டுக்காரர் தொட்டியை நிரப்பி, ஓடவிட்டு, மூடியையும் திறந்து வைத்துத் தயாராக நின்றார். தொட்டி ஓரத்தில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி முப்பத்தைந்து டிகிரி என்று காட்டியது. ஆவி பறந்தது. வேறு யாராக இருந்தாலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஆஹா என்று தலையை ஆட்டியிருப்பார்கள். மீட்டர்காரர் அசையவில்லை. முதலில் மூடியைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே தண்ணீர் ஊறிக் கனத்திருக்கிறதா என்று. பிறகு பக்கப் பலகையைக் கழற்றி, தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து ஒழுகல் தேடினார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, சூடான தண்ணீரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, சூடாவதைப் பார்க்க வேண்டும் என்றார். தோட்டக் குழாயைப் போட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டு முப்பத்திரண்டுக்கு இறக்கினார். வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் தொங்கியது. அதை நான் பார்த்தேன். நான் பார்க்காதது எது?

நர்ஸம்மாவுக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது. போய்வர ஒன்றரை மணி நேரம். மீட்டர்காரர் தன் நோட்டை என் கையில் கொடுத்தார். கால் மணிக்கு ஒரு தடவை அந்தச் சின்னக் கண்ணாடியில் தெரிகிற எண்ணைப் பார்த்து நேரத்தோடு எழுத வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

"எழுதிடுவே இல்ல தங்கச்சி?"

இது ஒரு பெரிய வேலையா என்று கேட்டேன்.

முதல் எண்ணை எழுதினேன். முப்பத்திரண்டு. அப்போதுதான் அந்த வீட்டுக்காரி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வந்து ஒரு வாய் டீ குடியுங்கள் என்றாள். டீ ஒரு நிமிஷ வேலைதானே. டீயோடு அவள் கதையும் வந்தது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்து, மாமியார் பேச்சு, அவன் வேலையில் இருந்த ஒருத்தி, அந்த ஒருத்திக்காகவே வாங்கிய தொட்டி. நடுவில் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். அவன் சட்டைகள் ஒரு பக்கம், அவளுடையவை ஒரு பக்கம், நடுவில் ஒரு முழம் காலி. "பாருங்க, துணிகூடப் பிரிஞ்சிடுச்சு" என்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கதை எனக்குப் பத்து வருஷமாகக் கிடைக்கவில்லை.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஓடினேன். கண்ணாடியில் முப்பத்தைந்து. நோட்டில் ஒரே ஒரு எண். அவர்கள் நடையைத் தாண்டி வருவதற்குள் நடுவில் இருந்த கட்டங்களை நிரப்பினேன். முப்பத்திரண்டரை, முப்பத்துமூன்று, முப்பத்துமூன்றரை என்று அரை அரையாக. கடைசி எண்தான் உண்மையாயிற்றே, அங்கே போய்ச் சேர்ந்த வழி எப்படியிருந்தால் என்ன என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். கொல்லைக் கதவிலிருந்து தொட்டி வரை தரையில் ஒரு ஈரக்கோடு போயிருந்தது. தண்ணீர் நான்கு விரல் மேலே ஏறியிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

மீட்டர்காரர் நோட்டை வாங்கி நின்றபடி படித்தார். ஏழு எண்களையும் மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே. இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமா என்பதுபோல் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் நர்ஸம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, விளிம்பில் சாய்ந்து, இரண்டு கையையும் தோள் வரை தண்ணீருக்குள் விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் இருக்கும். மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பிறகு வலது கையை வெளியே எடுத்து, ரொம்ப மெதுவாக, உயர்த்தினார். மார்பைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. விரல் நுனி பின்னால் போய், இடது காதுக்கு மேல் கோணலாகக் கிடந்த அந்தக் கொண்டையைத் தொட்டது.

"என்னங்க, இவ்வளவு கேவலமாவா போட்டு விடறீங்க?" என்றார்.

மீட்டர்காரர் நோட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். தொட்டியை வாங்கிவிட்டார்.

நாலு நாள் கழித்துத் தொட்டி வந்தது. எட்டு ஆட்கள், ஒரு லாரி, சுவருக்கு மேலாக ஏற்றி இறக்குவதற்குள் தெருவே கூடிவிட்டது. அந்த விவாகரத்துக் கதையை அதற்குள் நான் பதினோரு வீட்டில் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்த அலமாரியின் காலியிடம் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது.

எலக்ட்ரீஷியன் வந்து தனி ஒயர் இழுத்து, மின்சாரம் கசிந்தால் தானே விழுகிற தனி பிரேக்கரும் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் நிரப்பினார்கள். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடியில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எழுத்துகள் மினுக்கின. மீட்டர்காரர் கலங்கவில்லை. தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று அதற்கு அர்த்தமாம். ஹீட்டர் வழியாகத் தண்ணீர் சரியாக ஓடாவிட்டால் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். வடிகட்டியை வெளியே எடுத்தார். யாரோ வருஷக்கணக்காகக் கழுவாதது, பாசி பிடித்து வழவழவென்றிருந்தது. அதை எடுத்த பிறகும் எழுத்துகள் போகவில்லை. மோட்டாருக்குள் காற்று நின்றிருக்கும் என்று சொல்லி, குழாயின் பெரிய நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். புஸ்ஸென்று மூச்சுவிட்டு, துப்பி, பிறகு ஒழுங்காகத் தண்ணீர் கசிந்தது. நட்டை இறுக்கினார். எழுத்துகள் போய் எண் வந்தது. பதினாறு. சூடேற்றும் விளக்கும் எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டாத குறை.

மறுநாள் காலை, பதினேழு. சாயங்காலம், பதினேழு.

காட்டுகிற எண் தப்போ என்று சந்தேகப்பட்டார். நர்ஸம்மா தன் பழைய பெட்டியிலிருந்து தண்ணீர்ச் சூடு பார்க்கிற வெப்பமானி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மீட்டர்காரர் அதில் நூல் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். அதுவும் பதினேழுதான் சொன்னது. மோட்டார் ஓடுகிற சூட்டில் அந்த ஒரு டிகிரி ஏறியிருக்கும் என்றார். நர்ஸம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பேஷண்ட் பிழைப்பாரா?" என்று கேட்டார். அவர் வெப்பமானியை மறுபடி இறக்கிப் பார்த்தார். குளிர் அந்த வருஷம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் மீட்டர்காரர் மெயினை அணைத்துவிட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். நர்ஸம்மா உள்ளே படுத்திருந்தார். நான் அவர் துணிகளைக் கொல்லைக் கொடியில் உலர்த்துகிற சாக்கில் நின்றிருந்தேன்.

"இங்க வா தங்கச்சி" என்றார்.

போனேன். ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஒயர்களும் கழற்றப்பட்டிருந்தன. தானாகக் கழன்றவை அல்ல. நுனிகளில் கறுப்பு டேப்பை நேர்த்தியாக, மூன்று சுற்றுச் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். அவர் டேப்பைப் பிரித்து ஒயர்களைப் பழையபடி மாட்டி, பெட்டியை மூடி, மெயினைப் போட்டார். டப்பென்று பிரேக்கர் விழுந்தது. ஹீட்டர் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது, மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது, அதனால்தான் கழற்றிவைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்றார். அன்றைக்கு ஹீட்டர் எரியவே இல்லை. விளக்கு மட்டும்தான் எரிந்தது. எண்ணை ஏற்றியது வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக் கதவு வழியாக வந்த வெந்நீர்க் குழாய்.

ஈரக்கோடு. நான்கு விரல். ஒன்றரை மணி நேரம் நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் என் கண் முன்னால் அந்த வீட்டுக்காரன் குழாயைப் போட்டிருப்பானா?

"அண்ணே, அந்த நோட்டுல நான் எழுதினது..."

"தெரியும்மா."

"முதல்லயும் கடைசிலயும் மட்டும்தான் பார்த்தேன்."

"படிச்ச உடனே தெரியும். நிஜ ரீடிங் அப்படி ஏறாது. கொஞ்ச நேரம் நிக்கும், திடீர்னு தாவும், மறுபடி நிக்கும். நீ எழுதினது மாடிப்படி மாதிரி இருந்துச்சு." திருப்புளியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "பூட்டின வீட்டுக்கு நானும் அப்படி எழுதியிருக்கேன். எத்தனையோ வீடு. போன மாசம் எவ்வளவு, அதுக்கு முந்தின மாசம் எவ்வளவு, நடுவுல ஒண்ணைப் போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவேன்."

தெரிந்தும் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

அவர் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அவ கொண்டையைத் தொட்டா. அதுக்கப்புறம் நான் எந்த நம்பரைப் பார்க்க?"

பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தெரிந்தேதான் ஏமாந்தேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம், ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் இருக்கட்டும். தனக்காகத்தான் இந்த மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு குழியில் விழுந்தார் என்று தெரிந்தால் அவள் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்றார். சரி என்றேன். எனக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே பெரியது அதுதான். எதிர்வீட்டு ரகசியம் நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது. வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து விழும்போலிருந்ததால் ஒரு வாரம் கடைக்குக்கூடப் போகவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

விற்றவர் போனை எடுக்கவே இல்லை. மீட்டர்காரரிடம் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி நானே அங்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. வாடகைக்கு என்று பலகை. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை அசைந்தது. என் தொழில்காரி ஒருத்தி அந்தத் தெருவிலும் இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? போய்க் கதவைத் தட்டினேன். அவள் எல்லாம் சொன்னாள். வாடகைக்கு இருந்தவர்களாம், எட்டு மாதம். சண்டையா, அவர்களா? லாரியின் முன் இருக்கையில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து எதையோ கொறித்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்தாளாம். அலமாரியில் அவர்கள் எனக்காக விட்டு வைத்த ஒரு முழம் காலியிடம் ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஹீட்டரை மாற்றினால் தொட்டி பிழைக்கும். ஆனால் அந்த மாடல் நின்றுபோய் ஒன்பது வருஷமாம். மீட்டர்காரர் ஏறாத கடை இல்லை. ஒரு இடத்தில் வராது என்றார்கள், ஒரு இடத்தில் வரவழைக்கலாம் என்று சொல்லி மூன்று வாரம் இழுத்துவிட்டு வராது என்றார்கள். இதற்குள் வாசல் செடிகள் கருகிவிட்டன. நர்ஸம்மா காலையில் எழுந்துவர நேரமாகிக்கொண்டே போனது. விரல்களைப் பிரிக்க ஒரு மணி நேரம் என்பது இரண்டாயிற்று. நான் தினமும் இரண்டு வாளி வெந்நீர் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒருநாள் நானாகச் சீப்பை எடுத்து அவர் தலையை வாரிவிட்டேன். சரியாக நடுவில், இறுக்கமாக ஒரு கொண்டை. கண்ணாடியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அவரையே போடச் சொல்லு" என்றார்.

அன்றுதான் தீர்மானித்தேன். இந்த நாக்கை வைத்துக்கொண்டு இதுவரை என்ன சாதித்தேன்? துணி தேய்க்கிறவரிடம் கேட்டேன். மருந்துக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில், பள்ளிக்கூட வாசலில், பார்த்தவர் பார்க்காதவர் எல்லோரிடமும் ஹீட்டர் பற்றிப் பேசினேன். என்னைக் கண்டால் தெரு ஆட்கள் வேறு சந்தில் திரும்பினார்கள். ஆறாம் நாள் துணி தேய்க்கிறவரின் மச்சான் அகப்பட்டான். ஏதோ ஹோட்டலில் நீச்சல் குளம் பார்த்துக்கொள்கிறவன். வந்து, பழைய ஹீட்டரைக் கழற்றி வெளியே எடுத்தான். மேலெல்லாம் சுண்ணாம்புபோல் உப்புப் படிந்து, பக்கவாட்டில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. இதுக்கா இவ்வளவு அலைஞ்சீங்க, பேர் வேறயா இருந்தா என்ன, நீளமும், கரண்ட் வாட் அளவும், திருகு அளவும் ஒண்ணா இருந்தா போதும் என்றான். இரண்டு நாளில் கொண்டுவந்து மாட்டினான். ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டான். பிரேக்கரைத் தூக்கினான். விழவில்லை.

இதற்குள் தொட்டி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தொட்டியை ஓடவிட்டார்கள். நான் போனபோது மீட்டர்காரர் கொல்லையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். தொட்டியைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகு காட்டி. அதன்மேல் அதே நோட்டு. என் ஏழு எண்கள் இருந்த பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. அதைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் கோடு போட்டிருந்தார். பேனாவை நீட்டினார்.

உட்கார்ந்தேன். பன்னிரண்டு என்று காட்டியது. எழுதினேன். கால் மணி கழித்து, பன்னிரண்டு. அடுத்தது பன்னிரண்டு. அப்புறம் பதின்மூன்றுக்குத் தாவியது, பதின்மூன்றரை, மறுபடி பதின்மூன்று. எண் பின்னால்கூடப் போகும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டு மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. யார் வீட்டுக்கோ பெரிய சாமான் இறங்குகிறது, இரண்டு பேர் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், ஒரு பெண் அழுவதுபோலக்கூட இருந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பற்களைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். அந்த வேன் யார் வீட்டுக்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள்.

பதினோரு மணிக்கு இருபத்துநாலு. பதினொன்றே காலுக்கு இருபத்துநாலு. பன்னிரண்டு வரை அதே எண்ணில் நின்றது. பேனா முனையில் இருபத்துநாலரை வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கவா இறங்கவா என்றது. இருபத்துநாலு என்றுதான் எழுதினேன். ஐந்து தடவை எழுதினேன். மீட்டர்காரர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றிருந்தார். பன்னிரண்டே காலுக்கு அது இருபத்தைந்துக்குத் தாவியது.

நாலே முக்காலுக்கு முப்பத்தாறு.

நர்ஸம்மா பழைய பருத்தி உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் மீட்டர்காரர், ஒரு பக்கம் நான், படியில் ஏற்றி உள்ளே இறக்கினோம். உட்கார்ந்ததும் தண்ணீர் கழுத்து வரை வந்தது. நீண்ட ஒரு மூச்சு விட்டார். அவ்வளவு நீளமான மூச்சு அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஆவியில் அவர் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அரை மணி நேரம் தண்ணீருக்குள் தோளை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். முகம் சுளித்தது, ஆனால் சத்தம் வரவில்லை. வார்டில் எத்தனை பேரிடம் கத்தாதே என்று சொல்லியிருப்பார்.

பிறகு சொன்னார், "இப்ப பாருங்க."

வலது கையைத் தூக்கினார். தண்ணீர் சொட்டியது. மார்பைத் தாண்டியது. மோவாயைத் தாண்டியது. கன்னத்தருகே வந்ததும் மெல்ல ஆடியது. இன்னும் ஒரு நூல் ஏறியது, நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டார். கொண்டை வெகு தூரத்தில் இருந்தது.

மீட்டர்காரர் துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"எதுவரைக்கும் வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார் நர்ஸம்மா.

"காது வரைக்கும் வந்துச்சுக்கா. நல்லாவே..."

"ஏ கேமரா. வார்டுல தூங்கிட்டு எழுதற டெம்பரேச்சர் சார்ட் மாதிரி எனக்கு எழுதாதே. அந்த மாதிரி சார்ட் நான் ஆயிரம் பார்த்தவ. அன்னிக்கு அவர் கையில நீ கொடுத்ததையும் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிஞ்சது, அவருக்குத் தெரியாமலா போகும்?"

மீட்டர்காரர் நிமிர்ந்தார். அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார், நர்ஸம்மா அவரைப் பார்த்தார். இரண்டு மாதமாக என் நெஞ்சில் உருண்டுகொண்டிருந்த ரகசியம் அந்த ஆவியோடு கலந்து போயிற்று. மீட்டர்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டி விளிம்பில் இருந்த மனைவியின் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"சரியா சொல்லு. நாளைக்கும் பார்க்கணும், நாளன்னிக்கும் பார்க்கணும்" என்றார் நர்ஸம்மா.

கிட்டே போய், குனிந்து, அவரை மறுபடி ஒரு தடவை கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். நின்ற இடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்தாறுக்குக் கீழே ஒரு கோடு கிழித்து எழுதினேன்: முதல் நாள், காது மடலுக்கு இரண்டு விரல் கீழே.